நெகிழ்வு இடம் மாறியது

1967 ஜூன் மாதம் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து பீவர் ஏரியில் ரே ஸ்காட் தமது முதல் பாஸ் மீன் தூண்டில் போட்டியை நடத்தினார். 106 பேர் கலந்துகொண்டார்கள். அந்தக் காலத்து பாஸ் தூண்டில்காரர் வைத்திருந்தது பெரும்பாலும் ஐந்தரை அடிக் கண்ணாடியிழைக் கம்பு. அதன் கைப்பிடி துப்பாக்கியின் பிடிபோல வளைந்திருக்கும். 15, 20 பவுண்டு தாங்கும் தடித்த நைலான் நரம்பு அதில் ஓடும். முங்கிக் கிடக்கும் மரக்கட்டைகளுக்கு இடையிலிருந்து மீனை வலுவாக இழுத்து வெளியே எடுப்பதுதான் அன்றைய வேலை. அதற்கு அந்தக் கம்பு போதும்.

கண்ணாடியிழைக்கு முன்னால் மூங்கில் இருந்தது. தென் சீனத்து டோங்கின் மூங்கிலைப் பிளந்து, ஆறு பட்டைகளாகச் சீவி ஒட்டிய கம்புகள் அவை. 1950இல் சீனாவுடனான வணிகத்துக்கு அமெரிக்கா தடை விதித்ததும் மூங்கில் வரத்து நின்றது. கண்ணாடியிழை அந்த இடத்தை நிரப்பியது. 1970களில் ஃபென்விக் நிறுவனம் கார்பன் இழைக் கம்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கனம் குறைந்தது, விறைப்பு கூடியது. நீருக்கடியில் ஈயக்குண்டு ஒரு கூழாங்கல்லைத் தொட்டால்கூட அந்த அதிர்வு கைக்கு வந்து சேர்ந்தது.

அந்த நுண்ணுணர்வின் தேவை பிறகு பெருகியது. மேற்கு அமெரிக்காவின் ஆழமான, தெளிந்த நீர்த்தேக்கங்களிலும் ஜப்பானின் ஏரிகளிலும் படகுகள் மிகுந்தன, மீன்கள் மிரண்டன. பெரிய இரையைக் கண்டால் விலகிப்போகும் மீனுக்குச் சிறிய இரையை, மெல்லிய நரம்பில், மெதுவாகக் காட்ட வேண்டியதாயிற்று. இதையே ஃபினெஸ் முறை என்கிறார்கள். ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குப் பரவிய டிராப் ஷாட் இதற்கு நல்ல சான்று. ஈயம் நரம்பின் அடி நுனியில் இருக்கும். முள்ளை அதற்குச் சற்று மேலே கட்டுவார்கள். ஈயம் தரையில் நிற்க, விரல் நீளப் பிளாஸ்டிக் புழு அந்தரத்தில் நடுங்கும். மீன் கவ்வும்போது பெரும்பாலும் வெடுக்கென்ற இழுப்பு இருக்காது. நரம்பில் ஒரு சிறு கனம் கூடும், அவ்வளவுதான்.

புழு பழையதுதான். ஓஹையோவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் 1949லேயே பிளாஸ்டிக் புழுவை வார்த்துவிட்டார். மாறியது அதைத் தாங்கும் கம்பு.

அன்று கடையில் நுனியை ஆட்டிப் பார்த்து, விறைப்பு பிடித்திருந்தால் வாங்கினார்கள். இன்று கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் நீளம், வலு, வளைவு, நரம்பின் அளவு, இரையின் எடை என்று வரிசையாக அச்சிட்டிருக்கிறது. ஃபினெஸ் கம்பு ஏறத்தாழ ஏழடி இருக்கும். வலு மீடியம் லைட், வளைவு ஃபாஸ்ட், அதாவது மேற்பகுதி மட்டுமே எளிதில் வளையும். சுமார் 2 முதல் 10 கிராம் வரையிலான இரையை வீச அது ஏற்றது.

இந்த மென்மையான நுனிக்கு ஒரு காரணம் உண்டு. பழைய நைலான் நரம்பு இழுத்தால் நீளும். மீன் திமிறும்போது அந்த நீட்சியே அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டது. இன்று பலர் பயன்படுத்தும் பின்னல் நரம்பு ஏறக்குறைய நீள்வதே இல்லை. அதன் முனையில் கட்டும் ஃப்ளோரோகார்பன் துண்டோ 6, 8 பவுண்டுதான் தாங்கும். எனவே அன்று நரம்பு தந்த நெகிழ்வை இன்று கம்பின் நுனி தர வேண்டும். முள்ளும் மெல்லியது, பலமாகச் சுண்டினால் வாய் கிழியும் அல்லது நரம்பு அறும். நுனி மெல்ல வளைந்து கொடுத்தால்தான் முள் பதியும்.

கிடைத்தது பெரிது. மணிக்கட்டு வலுவில்லாதவரும் நாள் முழுக்க வீசலாம். வெறுங்கையோடு திரும்பியிருக்க வேண்டிய நாளிலும் மீன் படும். இழந்ததும் சிறிதல்ல. கண்ணாடியிழைக் கம்பை வண்டியின் பின்பக்கம் எறியலாம், குழந்தையிடம் கொடுக்கலாம். அப்பனுக்குப் பின் மகனும் அதையே எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போகலாம். கார்பன் கம்பில் ஈயக்குண்டு ஒருமுறை மோதினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பிறிதொரு நாள், மீன் இழுக்கும் நேரத்தில், அங்கேயே ஒடியும். அன்று ஒரே கம்பு எல்லா மீனுக்கும் போதுமானதாக இருந்தது. இன்று படகின் தளத்தில் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கம்பு அடுக்கியிருக்கிறது; ஒன்றையே ஆண்டுக்கணக்கில் பழகி அதன் குணத்தை அறியும் பொறுமை அருகிவிட்டது.

முதல் ஃபினெஸ் கம்பு வாங்கப் போகிறவர் நீங்களானால், ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் வீசப்போகும் இரையின் எடை, கம்பில் எழுதியிருக்கும் அளவின் நடுவில் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் ரீலை மாட்டிக் கையில் பிடியுங்கள். நுனி கீழே சாய்ந்து மணிக்கட்டை இழுத்தால் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். விலையை அதற்குப் பிறகு கேளுங்கள்.