கசிந்தது என்ன எண்ணெய்? கேட்க வேண்டிய முதல் கேள்வி

கடலிலோ ஆற்றிலோ எண்ணெய் கசிந்தால், எத்தனை டன் என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. அதைவிட முக்கியமானது, அது எந்த வகை எண்ணெய் என்பது. எப்படி அகற்றுவது, யாருக்கு என்ன ஆபத்து, எந்தச் சட்டத்தின் கீழ் நஷ்ட ஈடு கேட்பது ஆகிய மூன்றும் அந்த வகையைப் பொறுத்தவை.

எப்படி வகைப்படுத்துகிறார்கள்?

கச்சா எண்ணெயின் கனத்தை, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த ஏ.பி.ஐ. அளவுகோலில் பாகையாகச் சொல்வது வழக்கம். இது தலைகீழ் அளவுகோல்: எண் குறையக் குறைய எண்ணெயின் கனம் கூடும். 141.5ஐ எண்ணெயின் ஒப்படர்த்தியால் வகுத்து 131.5ஐக் கழித்தால் வருவது ஏ.பி.ஐ. பாகை. தண்ணீரின் பாகை 10.

பரவலாக ஏற்கப்பட்ட பிரிவு இதுதான்: 31.1 பாகைக்கு மேல் இலகு எண்ணெய், 22.3 முதல் 31.1 வரை நடுத்தரம், 22.3க்குக் கீழ் கனரகம். 10க்குக் கீழ் மிகு கனரகம். சில நிறுவனங்கள் கனரகத்துக்கு 20 பாகையை எல்லையாக வைப்பதும் உண்டு.

அடர்த்தி மட்டும் போதாது, பாகுத்தன்மையையும் பார்ப்பார்கள். நிலத்தடி வெப்பத்தில் அது 10,000 சென்டிபாய்ஸைத் தாண்டினால், அந்த எண்ணெய் பிட்டுமென் வகையில் சேரும், தானாக ஓடாது. வெனிசுவேலாவின் ஒரினோகோ பகுதி மிகு கனரக எண்ணெய்க்கும், கனடாவின் அத்தபாஸ்கா பிட்டுமெனுக்கும் பெயர் பெற்றவை. குஜராத்தின் மெகசானா பகுதியிலும் கனரக எண்ணெய் வயல்கள் உண்டு. அங்கே நிலத்தடியிலேயே எண்ணெயின் ஒரு பகுதியை எரித்து, அந்தச் சூட்டில் மீதியை இளக்கி எடுக்கிறார்கள்.

மூன்றாவது அளவு கந்தகம். பொதுவாக 0.5 விழுக்காட்டுக்கு மேல் கந்தகம் இருந்தால் அதைப் 'புளிப்பு' எண்ணெய் என்பார்கள். கனரக எண்ணெயில் பெரும்பாலும் கந்தகமும் உலோகங்களும் கூடுதல். சுத்திகரிக்கச் செலவாகும் என்பதால்தான் அதன் விலை குறைவு.

ஆபத்து எங்கே?

இலகு எண்ணெய் சிந்தினால் பெரும்பகுதி விரைவில் ஆவியாகும். தீப்பற்றும் அபாயம் அதிகம் என்றாலும் கனரகம் போல நெடுநாள் தங்காது. கனரக எண்ணெய் வெல்லப்பாகு போல ஒட்டிக்கொள்ளும். மணலோடும் சேற்றோடும் கலந்து அடியில் படியும். நீர்ப்பரப்பில் போடும் மிதவைத் தடுப்புகளால் அடியில் போனதைப் பிடிக்க முடியாது.

2010 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் என்பிரிட்ஜ் நிறுவனத்தின் குழாய் வெடித்தது. அதில் சென்றது, இலகுவான திரவம் கலந்து நீர்க்கச் செய்த கனடா பிட்டுமென். கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கைகள் ஒலித்தும் கசிவு 17 மணி நேரம் நீடித்தது. சுமார் 32 லட்சம் லிட்டர் வெளியேறி, கலமசூ ஆறு வரை பரவியது. கலந்திருந்த இலகு திரவம் காற்றில் ஆவியாகிக் கரையோர மக்களின் மூச்சில் ஏறியது. சுமார் 320 பேருக்கு உடல்நலக் குறைவு பதிவானது. மீதிப் பிட்டுமென் ஆற்றின் அடியில் படிந்தது. தூர்வாரும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

அமெரிக்காவில் கச்சா எண்ணெய் மீது பீப்பாய்க்கு இவ்வளவு என வரி வாங்கி, எண்ணெய்க் கசிவுக்கான நிதியில் சேர்த்து வந்தார்கள். அந்த வரிக்கு இத்தகைய பிட்டுமென் 'கச்சா எண்ணெய்' ஆகாது என்று 2011இல் வருவாய்த் துறை கருத்துத் தெரிவித்தது. ஆற்றை நாசமாக்கிய அதே வகை எண்ணெய்க்கு, நிதிக்குப் பங்களிக்கும் கடமை இல்லாமல் போனது. வரையறையில் உள்ள ஒரு சொல் எவ்வளவு பணத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

நம் கடற்கரையில்

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கடலில் கலந்தது கச்சா எண்ணெய் அல்ல, ஃபர்னஸ் ஆயில் எனப்படும் கன எரிபொருள். ஆனால் குணம் ஏறக்குறைய கனரகக் கச்சா எண்ணெயுடையதுதான். பாறை இடுக்குகளில் தாராகப் படிந்ததை மக்கள் வாளியில் அள்ளியது நாடே பார்த்த காட்சி.

உங்கள் உரிமைகள்

சரக்காக எண்ணெய் ஏற்றிச் செல்லும் கப்பலிலிருந்து கசிந்தால், 1992ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கைகள் பொருந்தும். இந்தியா அவற்றில் உறுப்பு நாடு. எளிதில் ஆவியாகாமல் தங்கும் எண்ணெய்களுக்கே அவை செல்லும். கச்சா எண்ணெய், எரிபொருள் எண்ணெய், கனரக டீசல் எல்லாம் அதில் அடங்கும், பெட்ரோல் அடங்காது. வகையை அறிய வேண்டியது இதற்காகவும்தான். பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் சட்டப்படி நடவடிக்கை தொடங்கிவிட வேண்டும்.

ஆலையிலிருந்தோ குழாயிலிருந்தோ கசிந்தால், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் நஷ்ட ஈடு கோரலாம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. கால வரம்பு 5 ஆண்டுகள்.

கசிந்தது என்ன, ஆய்வு முடிவு என்ன என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம்தான் அவகாசம்.

கசிவைக் கண்டால்

- கடலில் என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554இல் சொல்லுங்கள். மற்ற இடங்களில் 112.
- காற்று வரும் பக்கமாக விலகி நில்லுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உடனே அகலுங்கள். அது ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம். அளவு கூடினால் மூக்கே மரத்து, நாற்றம் தெரியாமல் போகும்.
- கையுறை, பூட்ஸ், முகக்கவசம் இல்லாமல் எண்ணெய் அள்ளப் போகாதீர்கள். யார் கூப்பிட்டாலும் மறுக்கலாம். தோலில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டாம்.
- வலை, படகு, கரை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். எண்ணெய் படிந்த வலையை எறிய நேர்ந்தாலும் ஒரு துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.
- மீன் ஏலச் சீட்டு, டீசல் ரசீது, கூட்டுறவுச் சங்கப் பதிவு, மருத்துவச் சீட்டு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். முந்தைய ஆண்டுகளின் வருமானத்தைக் காட்டினால்தான் இழப்பை நிரூபிக்க முடியும்.

அரசு அறிவிக்கும் நிவாரணத் தொகையோடு உங்கள் உரிமை முடிந்துவிடுவதில்லை. நிவாரணம் உடனடிக் கைச்செலவுக்கு. நஷ்ட ஈடு முழு இழப்புக்கு. எந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன்பும் சங்கத்திடமோ, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமோ காட்டிக் கேளுங்கள். கசிந்த எண்ணெயின் வகையை அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.