நமது கடை என்னும் உரிமை

வீட்டுக்கு வேண்டிய உப்பையும் பருப்பையும் எந்தக் கடையில் வாங்குகிறோம் என்பது அற்பச் செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், "எங்களுக்கு அந்தக் கடைதான், வேறெங்கும் போகமாட்டோம்" என்று உறுதியாகச் சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ உள்ளன. பாட்டி வாங்கிய கடையிலேயே தாயும் வாங்குகிறார். தாயின் கைபிடித்துச் சென்ற மகள், மணமாகித் தனிக்குடித்தனம் வந்த பின்னரும் அக்கடையின் கிளை எங்கே இருக்கிறது என்று தேடிச் செல்கிறாள். ஒரு வணிக நிலையத்தின்மீது மக்கள் வைக்கும் இந்தப் பற்று எங்கிருந்து பிறக்கிறது? தகுதியுள்ள இடத்தில்தான் அது வைக்கப்படுகிறதா? ஜவ்வாது மலைமேல் வாழும் குடும்பங்களையும் அதன் அடிவாரத்து ஊர்களில் வாழும் குடும்பங்களையும் மனத்திற்கொண்டு, இவ்வினாவைச் சற்றே ஆராய விழைகிறோம்.

பெயர்கள் சொல்லும் செய்தி

தமிழகத்தில் கூட்டுறவுப் பல்பொருள் அங்காடிகளுக்குச் சூட்டப்பெற்ற பெயர்களைக் கவனியுங்கள். சென்னையில் காமதேனு, கோவையில் சிந்தாமணி, வேலூரில் கற்பகம். கேட்டதைக் கொடுக்கும் பசு, நினைத்ததைத் தரும் மணி, விரும்பியதை வழங்கும் மரம் எனப் பழங்கதைகள் போற்றும் பெயர்கள் இவை. இக்கடைகளில் எதுவும் இலவசமாகக் கிடைக்கவில்லை. எனினும் மக்கள் இப்பெயர்களைப் பரிகசிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். கல்லும் மண்ணும் கலவாத பருப்பு, குறையாத நிறை, சீட்டில் எழுதியபடியே வாங்கப்படும் விலை ஆகிய மூன்றும் கிடைக்குமென்றால், நடுத்தரக் குடும்பத்துக்கு அதுவே கற்பகமாகத் தோன்றியது. தீபாவளி நெருங்கும் நாள்களில் பட்டாசு வாங்க மக்கள் கூட்டுறவு அங்காடிகளை நாடிச் செல்வதும் இந்த நம்பிக்கையினாலேயே.

இந்நம்பிக்கைக்கு நெடிய வரலாறு உண்டு. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர்களை உள்ளிட்ட 28 எளிய மக்கள் 28 பவுன் முதலுடன் ஒரு சிறு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி ஆகியவையே அவர்களிடமிருந்த சரக்கு. உணவுப் பண்டங்களில் கலப்படம் மலிந்திருந்த காலம் அது. தூய பண்டம், சரியான நிறை, உறுப்பினருக்கு ஆளுக்கு ஒரு வாக்கு, வாங்கிய அளவுக்கேற்ப இலாபத்தில் பங்கு என்பன அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள். உலகெங்கும் பரவிய நுகர்வோர் கூட்டுறவு இயக்கம் இக்கடையையே தன் முன்மாதிரியாகக் கொண்டது.

அறுபது ஆண்டுகள் கழித்து, 1904-இல், அவ்விதை சென்னையில் ஊன்றப்பட்டது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணியாற்றியவரும், பிற்காலத்தில் நாவன்மையால் உலகப் புகழ் பெற்றவருமான வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரும் அவருடைய நண்பர்களும் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். அதே ஆண்டில் நாட்டில் பிறந்த கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே கருத்தில் கொண்டிருந்தது. பண்டகசாலை போன்ற ஏனைய சங்கங்களுக்கு முழுமையாக இடமளித்தது 1912-ஆம் ஆண்டுச் சட்டமே. சட்டம் வழிவிடும் வரை காத்திராமல், மளிகைச் சாமானுக்கு ஒரு நேர்மையான இடம் வேண்டுமென்று அம்மக்கள் முந்திக்கொண்டார்கள். "டி.யு.சி.எஸ்." என்ற எழுத்துகள் சென்னைக் குடும்பங்களின் நாவில் ஒரு நண்பனின் பெயரைப்போலப் பழகிவிட்டதற்கு இந்தத் தொடக்கமே காரணம் எனலாம்.

மலைக் குடும்பத்தின் இரட்டை நிலை

நகரத்துக் குடும்பம் வாங்குவதற்காக மட்டுமே கடைக்குச் செல்கிறது. மலைக் குடும்பத்தின் நிலை வேறு. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் பெருமளவில் வாழ்கின்றனர். சாமையும் புளியும் தேனும் கடுக்காயும் பலாவும் சீத்தாப்பழமும் அங்கிருந்து கீழே இறங்குகின்றன. உப்பும் பருப்பும் எண்ணெயும் துணியும் சோப்பும் மேலே ஏறுகின்றன. இரண்டும் தராசைக் கடந்தே செல்ல வேண்டும். அத்தராசு பொய் சொல்லுமாயின் மலைக் குடும்பத்துக்கு இரட்டை நட்டம். புளியை விற்கும்போது ஒரு முறை இழக்கிறது. பருப்பை வாங்கும்போது மறுமுறை இழக்கிறது.

புளி பழுக்குமுன்னரே முன்பணம் கொடுத்து, மரத்தோடு விலைபேசிக்கொள்ளும் வழக்கம் மலைப்பகுதிகள் பலவற்றில் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. முன்பணம் கொடுத்த வணிகரே விலையைக் குறிப்பார். அவரே மளிகையைக் கடனாகத் தருவார். கணக்கும் அவரது நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கும். இவரைக் கொடியவர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. ஆனால் உண்மை அத்துணை எளிதன்று. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும், வீட்டில் ஒரு சாவு நேர்ந்தாலும், கதவைத் தட்டியவுடன் பணம் கொடுப்பவர் அவரே. படிவம் எதுவும் கேட்பதில்லை. நாளைக்கு வா என்று திருப்பி அனுப்புவதுமில்லை. ஆகவே மலைமக்களுக்கு அவர்மீதும் ஒரு பற்று உண்டு. அப்பற்றை ஏளனம் செய்தல் தகாது. அவருக்கு மாற்றாக வர நினைக்கும் எந்த நிறுவனமும், முதலில் அவரைப்போல் அவசரத்துக்குக் கதவைத் திறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இந்த உண்மையை உணர்ந்தே, 1971-இல் அமைக்கப்பட்ட பாவா குழு, பழங்குடி மக்களுக்கென்று பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை ஏற்படுத்தலாமென்று பரிந்துரைத்தது. கடன் கொடுத்தல், விதையும் உரமும் வழங்குதல், வீட்டுக்கு வேண்டிய பண்டங்களை விற்றல், வன விளைபொருள்களை நல்ல விலைக்கு வாங்குதல் ஆகிய அனைத்தையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவருவது அதன் நோக்கம். இவையே மலைமக்கள் "லேம்ப் சொசைட்டி" என்று அழைக்கும் சங்கங்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறுவன விளைபொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையைக் காடுவாழ் மக்களுக்கே உறுதிசெய்தது. உரிமை சட்டத்தில் வந்துவிட்டது. அது அடுப்படிவரை வந்து சேர வேண்டுமானால், நேர்மையான ஒரு தராசும் அதனைக் காக்கும் ஒரு சங்கமும் வேண்டும்.

ஒரு குருவானவரின் பணி

மலை சூழ்ந்த ஊர் ஒன்றில் இவ்வாறு ஒரு முயற்சி தழைத்ததற்கு ஸ்பெயின் நாட்டின் பாஸ்குப் பகுதி சான்று பகர்கிறது. 1941-இல் ஹோசே மரியா அரிஸ்மெந்தி என்னும் இளம் குருவானவர் மோந்திராகோன் என்ற சிற்றூருக்குத் துணைப் பங்குத்தந்தையாக வந்தார். உள்நாட்டுப் போரினால் நலிந்து கிடந்தது அவ்வூர். 1943-இல் அவர் ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அவரிடம் பயின்ற இளைஞர் ஐவர் 1956-இல் ஒரு தொழிலகத்தை ஏற்படுத்தினர். 1959-இல் மக்கள் சேமிப்புக்கென ஒரு கூட்டுறவு வங்கி எழுந்தது. 1969-இல் அப்பகுதியின் சிறு நுகர்வோர் கூட்டுறவுகள் ஒன்றிணைந்து எரோஸ்கி என்னும் அங்காடித் தொடர் பிறந்தது. கடையில் வேலை செய்வோரும் கடையில் வாங்குவோரும் சமமாக அமர்ந்து முடிவெடுக்கும் பேரவை அதன் தனிச்சிறப்பாகும். 1976-இல் மறைந்த அக்குருவானவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். மக்களின் உப்புக்கும் அரிசிக்கும் நேர்மையான வழி காண்பது குருத்துவப் பணிக்கு அந்நியமானதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சுவிட்சர்லாந்து மக்களின் அன்பைப் பெற்ற மிக்ரோஸ் அங்காடியையும் இங்குக் குறிப்பிடலாம். 1925-இல் ஐந்து சரக்குந்துகளில் ஆறே வகைப் பண்டங்களை ஏற்றிக்கொண்டு சூரிச் நகரத் தெருக்களில் தொடங்கிய வணிகம் அது. நிறுவனர் டுட்வைலர் 1941-இல் அதனைக் கூட்டுறவாக மாற்றி வாடிக்கையாளரிடமே ஒப்படைக்கத் தலைப்பட்டார். மதுவும் புகையிலையும் விற்பதில்லை என்பது அவர் வகுத்த நெறி. 2022-இல், மது விற்கலாமா என்று உறுப்பினர்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. பத்து வட்டாரக் கூட்டுறவுகளிலும் "வேண்டாம்" என்ற விடையே வென்றது. வாங்குவோருக்கு வாக்கும் இருந்தமையால்தான், இலாபத்தை விட்டுக்கொடுத்து நெறியைக் காக்க முடிந்தது.

பற்று மட்டும் போதுமா?

மக்களின் அன்பு இருந்தும் கைவிட்டுப்போன கடைகளும் உண்டு. 1966-இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபின், விலைவாசியைக் கட்டுப்படுத்துவதற்காகத் தில்லியில் சூப்பர் பஜார் திறக்கப்பட்டது. தலைநகர்க் குடும்பங்கள் அதனைத் தம் கடையாகவே கருதின. ஆயினும் நட்டமும் நிர்வாகக் குறைகளும் மேன்மேலும் பெருகி, 2002-இல் அதனைக் கலைக்க ஆணை பிறந்தது. நம் கடை என்று சொன்னவர் பலர். அதன் கணக்கைக் கேட்டவர் சிலரே. தெய்வம் கொடுத்த காமதேனுவானாலும் புல்லும் நீரும் இட வேண்டாமா?

இன்று பெருநிறுவனங்களின் அங்காடிகள் அடிவார நகரங்களுக்கெல்லாம் வந்துவிட்டன. குளிரூட்டிய கூடம், வாசனை, அட்டையில் சேரும் புள்ளிகள் எனப் பல வகையிலும் அவை நம் பற்றைக் கவர முயல்கின்றன. அங்கே வாங்குவது குற்றமென்று நாம் கூறவில்லை. மலிவாகவும் நல்லதாகவும் கிடைக்குமிடத்தில் வாங்குவது இல்லறத்தின் கடமையே. ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. அட்டையில் ஆயிரம் புள்ளிகள் சேர்ந்தாலும் அக்கடையின் முடிவுகளில் நமக்கு ஒரு வாக்கும் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் சிறு பங்குத்தொகை செலுத்திய விதவைத் தாய்க்கும் ஒரு வாக்கு உண்டு; பெருநிலக்கிழாருக்கும் ஒரே வாக்குத்தான். கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொள்வதை 2011-ஆம் ஆண்டின் 97-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகவும் சேர்த்துள்ளது.

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் குறிப்பிட்ட நியாயவிலைக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு அது விற்கப்பட்டது. வரிசையில் நின்ற மக்கள் அன்று அக்கடைகளை வாழ்த்தினர். நெருக்கடி நாளில் தேடிச் செல்லும் கடையை ஏனைய நாள்களில் மறந்துவிட்டால், அடுத்த நெருக்கடியில் அது திறந்திருக்கும் என்பதற்கு என்ன உறுதி?

நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை

அன்பர்களே, பெரிய காரியங்களைச் செய்யச் சொல்லவில்லை. உங்கள் ஊரில் கூட்டுறவுப் பண்டகசாலையோ லேம்ப் சங்கமோ இருக்குமாயின், குடும்பத்தில் ஒருவரேனும் அதில் உறுப்பினராகுங்கள். மாதச் சாமான் பட்டியலில் சிலவற்றையாவது அங்கே வாங்குங்கள். சரக்கு நன்றாயில்லையெனில் முகஞ்சுளித்துத் திரும்பிவிடாமல், புகார் நோட்டில் எழுதுங்கள். ஆண்டுப் பொதுக்குழு கூடும் நாளில் அரைநாள் வேலையை ஒதுக்கிவைத்துச் சென்று அமர்ந்து, வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த நம் இளைஞர்கள், மலையிலிருந்து புளியோடும் தேனோடும் வரும் முதியோருக்குத் தராசின் முள்ளையும் சீட்டின் கணக்கையும் வாசித்துக் காட்டலாம். சங்க அலுவலகங்களில் பணியாற்றும் நம் மக்கள், அவசரத்துக்குக் கதவைத் தட்டுபவரை நாளைக்கு வரச் சொல்லாதிருக்கலாம்.

கள்ளத் தராசை ஆண்டவர் அருவருக்கிறார் என்று மறைநூல் கற்பிப்பதை நாம் அறிவோம். அத்தராசைக் கண்டு வெறுப்பதோடு நின்றுவிடாமல், நேரிய தராசு ஒன்றை நம் ஊரிலேயே நிறுவிக் காப்பதும் நம் கடமையாகும். மலையிலே மாசியும் பங்குனியும் புளி உதிர்க்கும் காலம். அடுத்த பருவத்துப் புளி எந்தத் தராசில் ஏறப்போகிறது என்பதை இப்போதே வீட்டில் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.