பழைய கணிப்பொறியில் எச்.டி. படம் ஓடுமா?

பக்கத்து வீட்டுப் பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் சென்ற விடுமுறையில் என்னிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தான். அவன் வீட்டில் 2007-இல் வாங்கிய கணிப்பொறி ஒன்று உண்டு. நண்பனிடமிருந்து பென் டிரைவில் வாங்கி வந்த பாட வீடியோக்களை அதில் போட்டால், குரல் தடையின்றி வருகிறதாம். படம் மட்டும் நின்று நின்று, தாவித் தாவி ஓடுகிறதாம். பழுது பார்க்கும் கடைக்காரர், "இது எச்.டி. தாங்காது தம்பி. ராம் கூட்டிப் பாருங்கள், இல்லையென்றால் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். புதிது வாங்க அந்த வீட்டில் இப்போது வழியில்லை.

"ஆனால் சார், இதே கணிப்பொறியில் வேறொரு எச்.டி. படம் நன்றாகத்தான் ஓடுகிறது. இரண்டுமே 1080 தானே?" என்றான் அவன்.

கடைக்காரர் இந்தக் கேள்வியைக் காதில் வாங்கவில்லை போலும். இதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம்.

முழு எச்.டி. படம் ஒன்றில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 புள்ளிகள். ஆக மொத்தம் 20,73,600. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிற அளவுகளைக் குறிக்க 3 பைட் வேண்டும். வினாடிக்கு 25 படங்கள் என்று கொண்டால், ஒரு வினாடிக்குச் சுமார் 15.5 கோடி பைட்! 470 கோடி பைட் கொள்ளும் சாதாரண டிவிடி தட்டு முப்பதே வினாடிகளில் நிரம்பிவிடும். ஒலியின் கணக்கு என்ன? இசைத்தட்டுத் தரத்தில்கூட வினாடிக்கு 1,76,400 பைட்தான். படத்தின் சுமை ஒலியின் சுமையைப் போல் ஏறத்தாழ 880 மடங்கு. குரல் ஓட, படம் திணறுவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

இத்தனை எண்களையும் அப்படியே யாரும் சேமித்து வைப்பதில்லை, சுருக்கித்தான் வைக்கிறார்கள். உங்கள் வகுப்பாசிரியர் வருகைப் பதிவு எடுப்பதை நினைத்துப் பாருங்கள். ஐம்பது பேர் வந்ததைத் தலைமையாசிரியரிடம் பெயர் பெயராக ஒப்பிப்பாரா? "17-ம் 32-ம் வரவில்லை" என்றால் போதும். வீடியோவும் அப்படித்தான். ஆசிரியர் கரும்பலகை முன் நின்று பேசும் காட்சியில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் மாறுவது அவருடைய கையும் வாயும்தான். ஆகவே முதல் படத்தை முழுமையாகவும், அடுத்து வருபவற்றில் மாறிய பகுதிகளை மட்டும், "இந்தக் கட்டம் நான்கு புள்ளி வலப்புறம் நகர்ந்தது" என்பது போன்ற குறிப்புகளாகவும் எழுதி வைக்கிறார்கள்.

ஒரே படத்துக்குள்ளும் சுருக்கம் உண்டு. படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள ஒளியின் ஏற்ற இறக்கத்தைப் பல கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதலாம். கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய அலைகளைத் தோராயமாகக் குறித்தாலே போதும். இந்த வழியை 1974-இல் வெளியிட்ட மூவர் நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோர். இவர்களில் நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். திரிகோணமிதி எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இந்த உத்திகளையெல்லாம் சேர்த்தால் 15.5 கோடி பைட் சுமார் 10 லட்சம் பைட்டாக ஒடுங்கிவிடுகிறது. அதை எடுத்துத் தருவது எந்தப் பழைய ஹார்டு டிஸ்க்குக்கும் எளிய வேலை. ஆகவே இங்கே வட்டின் மீது குற்றமில்லை. ஏற்கெனவே போதிய ராம் இருந்தால், மேலும் கூட்டியும் பயனில்லை.

கடினமான வேலை, சுருங்கியதை மீண்டும் விரிப்பதுதான். மாணவனுடைய கணிப்பொறியின் மையச் செயலி கோர் 2 டுவோ வகை; இரண்டு கோர்கள், ஒவ்வொன்றுக்கும் வினாடிக்கு 200 கோடி துடிப்புகள். ஒரு படத்தை விரிக்க 40 மில்லிவினாடி அவகாசம். அதற்குள் இரண்டு கோர்களுக்கும் சேர்த்துக் கிடைப்பவை 16 கோடி துடிப்புகள். இதைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு புள்ளிக்கு 77 துடிப்புகள் மட்டுமே! குறிப்பைப் படித்து, முந்தைய படத்திலிருந்து உரிய கட்டத்தை எடுத்து, நகர்த்தி, கொசைன் அலைகளைக் கூட்டி, கட்டங்களின் ஓரங்களை மழுப்பி, திரைக்கு அனுப்ப வேண்டும். தேவையான எண் செயலியின் அருகில் இல்லாமல் ராமிலிருந்து வர வேண்டியிருந்தால், அந்தக் காத்திருப்பிலேயே நூறு துடிப்புக்கு மேல் போய்விடும். ஒரே கட்டளையில் 16 பைட்களை ஒன்றாகக் கையாளும் வசதி இந்தச் செயலியில் இருப்பதால்தான் பிழைக்கிறது.

அவகாசம் தவறினால், பின்தங்கிய படத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாமே என்று தோன்றும். முடியாது. அடுத்த படத்தின் குறிப்புகள் பெரும்பாலும் இந்தப் படத்தைச் சார்ந்தே எழுதப்பட்டிருக்கும். மழை, கூட்டம், அலைகடல் போன்ற காட்சிகளில் திணறல் கூடுவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே ஏறக்குறைய எல்லாமே மாறுவதால் குறிப்புகளும் பெருகிவிடுகின்றன.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். இரண்டு கோப்புகளின் விவரத்தையும் பிளேயரில் திறந்து பார்த்தோம். நன்றாக ஓடியது எச்.264 என்னும் சுருக்கு முறையில் இருந்தது; அது 2003-இல் வந்தது. திணறியது எச்.இ.வி.சி., 2013-இல் வந்தது. புதிய முறை ஏறத்தாழப் பாதி அளவுக் கோப்பில் அதே தரத்தைத் தர முயல்கிறது. ஆனால் இடத்தில் மிச்சம் பிடித்ததை உழைப்பில் கொடுக்க வேண்டும். கட்டத்தின் உட்புறத்தை அண்டைப் புள்ளிகளிலிருந்து ஊகிக்க எச்.264-இல் அதிகமாகப் போனால் 9 வழிகள்; எச்.இ.வி.சி.-யில் 35. வடிகட்டிகளும் கூடுதல். பாவம், 77 துடிப்பு எந்த மூலைக்கு?

பின்னாளில் வந்த கணிப்பொறிகள் இதே கோப்பை அலுங்காமல் ஓட்டுவது மையச் செயலியின் வேகத்தால் மட்டுமன்று. விரிக்கும் வேலைக்கென்றே தனிச் சுற்று ஒன்று சில்லுக்குள் இருக்கிறது. வேறு எதுவும் அதற்குத் தெரியாது, தெரிந்ததை மிகக் குறைந்த மின்சாரத்தில் செய்யும். 2011-இல் வந்த இன்டெல் இரண்டாம் தலைமுறைக் கோர் செயலிகளில் எச்.264-க்கு அத்தகைய சுற்று உண்டு. எச்.இ.வி.சி.-க்கு 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையில் முழுமையாகக் கிடைத்தது. 2018-இல் வெளியான ஏ.வி.1 முறைக்கோ 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுற்று இல்லாத பொறிகளையும் நினைத்து, வீடியோலேன் குழுவினர் ஏ.வி.1-க்கு மிகச் சிக்கனமான விரிப்பு நிரல் ஒன்றை எழுதியிருக்கிறார்கள். ஆகவே "பழைய கணிப்பொறியா?" என்று மட்டும் கேட்டால் போதாது, "எந்த முறையில் சுருக்கிய படம்?" என்றும் கேட்க வேண்டும்.

மாணவனின் திரையையும் பார்த்தேன். பழைய 17 அங்குலத் திரை. 1280 × 1024 புள்ளிகள். அதில் அகலப் படம் 1280 × 720 அளவில்தான் விழும். அதாவது 9,21,600 புள்ளிகள். விழுந்து விழுந்து கணக்கிட்ட 20,73,600 புள்ளிகளில் பாதிக்கு மேல் கடைசியில் சுருங்கி மறைந்துபோகின்றன! அந்தப் பாட வீடியோக்களை எங்கள் கல்லூரிக் கணிப்பொறியில் ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டு, எச்.264 முறையில், 1280 × 720 அளவுக்கு மாற்றிக் கொடுத்தேன். கோப்புகள் சற்றுப் பெருத்தன. படம் தாவவில்லை. திரையில் தெளிவு குறைந்ததாக இருவர் கண்ணுக்கும் படவில்லை. இணையத்தில் பார்க்கும்போது தர அமைப்பில் 720-ஐத் தேர்ந்தெடுக்கும்படியும் சொல்லி அனுப்பினேன்.

மறுவாரமே அவன் தம்பி வந்து நின்றான். இதில் வினாடிக்கு 60 படங்கள் கொண்ட 4கே வீடியோ ஓடுமா என்று அவனுக்குத் தெரிய வேண்டுமாம். 4கே என்பது 3840 × 2160 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு எத்தனை துடிப்பு கிடைக்கும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.