காற்றில் பொரியும் காய்கறி நகெட்

நண்பர்களே, நாம் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போட்டு வாங்கிய ஏர் ஃபிரையர் விடுதிச் சமையலறை மூலையில் தூங்குகிறது. “பஜ்ஜி கூட வரவில்லையே!” என்பது குற்றச்சாட்டு. எப்படி வரும்? அது பொரிக்கும் சட்டியன்று. விசிறி பொருத்திய சிற்றடுப்பு. காய்ந்த எண்ணெய் மாவை நொடியில் இறுக்கிவிடும். காற்றோ வெப்பத்தை மெதுவாகவே ஊட்டும். அதற்குள் மாவு ஒழுகிவிடுகிறது.

நகெட் அப்படியல்ல. அதற்குப் பகை ஈரம் ஒன்றே. நீர் வற்றும் வரை மேற்புறம் 100 டிகிரியைத் தாண்டாது. நன்றாகச் சிவக்க 140 வேண்டும். ஆகவே கால் கிலோ உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, நன்றாக ஆறிய பிறகே மசிப்பேன். பொடியாக நறுக்கிய காரட், பீன்ஸை வதக்கி நீர் வற்றச் செய்வேன். உப்பு, காரம் சேர்த்துப் பிசைவதும், மைதாக் கரைசலில் தோய்ப்பதும் நீங்கள் அறிந்தவையே. ரொட்டித்தூளில்தான் சூட்சுமம்: இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு முன்கூட்டியே பொன்னிறமாக வறுத்துவிட வேண்டும். மொறுமொறுப்பில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

பிறகு 200 டிகிரியில் ஏறத்தாழ 12 நிமிடம். நடுவே ஒரு புரட்டல். எத்தனை பேர் தட்டோடு நின்றாலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். காற்றுக்கு வழி வேண்டும். இயந்திரம் 1500 வாட் வரை இழுக்கும். அறைக்குத் தூக்கிச் செல்லாமல், சமையலறையின் 16 ஆம்பியர் இணைப்பிலேயே வையுங்கள்.