சாணம் சொன்ன சாட்சி

கர்நாடகத்தின் பெல்லாரி, ராய்ச்சூர் வட்டாரங்களில் வயல்வெளிக்கு நடுவே சாம்பல் மேடுகள் உண்டு. ஓரத்தை வெட்டிப் பார்த்தால் வெண்சாம்பல், கருஞ்சாம்பல், இடையிடையே உருகிக் கண்ணாடிபோல் இறுகிப்போன கட்டிகள். ஆந்திரம், தெலங்கானா வரை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மேடுகள் இருக்கின்றன. ஹம்பிக்கு அருகே நிம்பாபுரத்தில் உள்ளது ராமன் கொன்ற வாலியைத் தகனம் செய்த சாம்பல் என்பது ஊரார் நம்பிக்கை. கிஷ்கிந்தை இதுதான் என்று காட்டும் ஊரில் வேறென்ன சொல்வார்கள்?

படித்தவர்களும் சளைக்கவில்லை. மனிதர்களைக் கூட்டமாக எரித்த இடம் என்றார்கள். இரும்பு உருக்கிய கசடு என்றார்கள். பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் மட்டும், இது புதிய கற்கால மக்களின் மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல் என்று அந்த நூற்றாண்டிலேயே சொன்னார். அவர் நிலவியலாளர், மண்ணைப் பார்த்துப் பழகிய கண். ஆனாலும் வழக்கு முடியவில்லை. சாம்பலைக் கையில் வைத்துக்கொண்டு எது எரிந்தது என்று எப்படி நிரூபிப்பது?

விடை புல்லில் இருக்கிறது. புல் வேர் வழியாக நீரை உறிஞ்சும்போது, அதில் கரைந்த சிலிக்காவும் கூடவே ஏறுகிறது. அது செல்களுக்குள் படிந்து, அந்தந்த செல்லின் வடிவத்திலேயே கல்லாகிவிடும். புல்லை இழுத்துப் பிடுங்கினால் கையைக் கிழிப்பது இதனால்தான். மாடு அசைபோட்டாலும், நான்கு அறை வயிற்றில் ஊறினாலும் அந்தத் துகள் கரைவதில்லை. சாணத்தோடு வெளியே வருகிறது. எரித்தாலும் வடிவம் எளிதில் அழியாது. சூடு மிக அதிகமானால், சாம்பலில் உள்ள காரப் பொருள்களோடு சேர்ந்து உருகிக் கண்ணாடியாகும். மேடுகளில் உள்ள கட்டிகள் அப்படி வந்தவைதான். உலைக்களம் எதுவும் வேண்டியதில்லை. லண்டன் தொல்லியல் கழகத்தில் இருந்த ஃபிரெடெரிக் சாய்னர் பெல்லாரிச் சாம்பலைச் சோதித்து, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாணம் என்றே உறுதி செய்தார்.

இன்னொரு சாட்சி பாஸ்பரஸ். சாணமும் சிறுநீரும் எலும்பும் விழுந்த மண்ணில் நைட்ரஜன் சீக்கிரம் போய்விடும். பாஸ்பரஸ் மட்டும் சுண்ணாம்பையும் இரும்பையும் பற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதே இடத்தில் கிடக்கும். இதை உலகம் கவனித்த விதம் வேடிக்கையானது. சுவீடனில் ஓலோஃப் அர்ரேனியஸ் என்ற வேளாண் அறிஞர் பீட்ரூட் சர்க்கரைக்கு ஏற்ற நிலத்தைத் தேடி மண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தார். பாஸ்பேட் மிகுந்த இடங்களை வரைபடத்தில் குறித்தால், அவை பழைய குடியிருப்புகளோடு ஒத்துப்போயின. ஒரு பானை ஓடுகூடத் தோண்டாமல் ஊர் கிடைத்துவிட்டது.

சாம்பலுக்கும் சாணத்துக்கும் இடையே நடந்ததை அறிய, மண்ணைக் கலைக்காமல் எடுக்க வேண்டும். வெட்டு முகத்தில் ஒரு தகரப் பெட்டியை அழுத்திச் செங்கல் அளவு மண்ணை அப்படியே பெயர்ப்பார்கள். மேல் எது, வடக்கு எது என்று குறித்துக்கொள்வது முக்கியம். அதை உலர்த்தி, பிசினை ஊற்றி ஊற வைத்தால் கல்லாக இறுகிவிடும். பிறகு அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமன் வரும்வரை தேய்ப்பார்கள். இப்போது மண்ணின் ஊடே வெளிச்சம் போகும்.

ஒளியை முனைவாக்கும் நுண்ணோக்கியில் வைத்தால், அதில் சாணத்துக்கே உரிய ஓர் அடையாளம் தெரியும்: அசைபோடும் விலங்கின் குடலில் உருவாகும் சுண்ணாம்பு உருண்டைகள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இருக்கும். இருண்ட பின்னணியில் அவை மினுங்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் கருப்பாக ஒரு சிலுவைக் குறி. தீயின் சூடு ஏறினால் இவை கருக்கும், இன்னும் ஏறினால் அழியும். ஆகவே அவை இருக்கின்றனவா, எந்த நிலையில் இருக்கின்றன என்பதே வெப்பமானியாகிறது. சாணம் கிடந்த விதமும் தெரியும். மாடுகள் மிதித்த பட்டியில் வைக்கோல் துணுக்குகள் படுக்கையாக அமுங்கி அடுக்கடுக்காக இருக்கும். வாரிக் கொட்டிய குப்பையிலோ கண்டபடி கிடக்கும்.

தெலங்கானாவின் உட்னூரில் 1957இல் தோண்டிய ரேமண்ட் ஆல்சினுக்கு நுண்ணோக்கியே தேவைப்படவில்லை. பட்டியைச் சுற்றி மரக்கம்பம் நட்ட குழிகள் வெளிப்பட்டன. தளத்தில் மாட்டுக் குளம்பின் தடங்கள் அப்படியே பதிந்திருந்தன. பட்டியில் சாணம் சேர்ந்தது, எரிந்தது, மாடுகள் அங்கேயே திரும்பி வந்தன. இது ஒருமுறையோடு நிற்கவில்லை.

ஆனால் ஏன் எரித்தார்கள்? ஹோலி, தீபாவளி, பொங்கல் நெருப்புகளோடு ஒப்பிட்டு, மந்தைக்கு நலம் வேண்டிய சடங்கு என்றார் ஆல்சின். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மண் அவ்வளவு தூரம் சொல்லவில்லை. எவ்வளவு சூடு, எத்தனை தடவை என்பதோடு அதன் வாய் அடங்கிவிடுகிறது. கர்நாடகத்தின் புதிஹாளில் டெக்கான் கல்லூரியின் கே. பத்தய்யா தோண்டியபோது, மேட்டை ஒட்டியே குடியிருப்பும் மாடுகளை அறுத்துக் கூறுபோட்ட தளமும் கிடைத்தன. அதனால் மேடு என்பது ஊருக்கு வெளியே தனித்து நின்ற பலிபீடம் என்று ஒதுக்கிவிட முடியாது. உண்ணிக்கும் ஈக்கும் பயந்து கொளுத்தினார்கள் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. அந்த மக்கள் கொள்ளும் பச்சைப்பயறும் விளைவித்தவர்கள். வயலில் கிடை போட்டு எருவுக்காக மந்தைக்காரருக்குக் கூலி கொடுக்கும் நம் ஊர் விவசாயிக்கு, இத்தனை எருவையும் கொளுத்தியவர்களைப் புரிந்துகொள்வது கடினம்.

அந்தச் சாம்பலின் மதிப்பு இன்றைய விவசாயிக்குத் தெரியும். பல மேடுகளை வெட்டி வண்டி வண்டியாக வயலுக்கு அள்ளிப் போயிருக்கிறார்கள். ஆய்வாளர்கள் தகரப் பெட்டியை அழுத்துவதற்கு, அப்படி வெட்டிவிட்ட முகங்கள் சில சமயம் வசதியாக அமைந்துவிடுகின்றன.