முடி பேணும் முறை

தமிழில் இலஞ்சி என்னும் சொல் நீர்நிலையையும் குறிக்கும், மகிழமரத்தையும் குறிக்கும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே, சிற்றாற்றின் கரையில், குமரன் கோயில் கொண்டு விளங்கும் ஓர் ஊருக்கும் அதுவே பெயர். நீராடுவதற்கு ஆறும் அருவியும், தலையில் தேய்ப்பதற்குத் தென்னந்தோப்புகள் தரும் எண்ணெயும், சூடுவதற்கு வாடினாலும் மணம் மாறாத மகிழம்பூவும் என, தலைமுடியை மக்கள் பேணிவரும் மரபுக்கு வேண்டிய யாவும் அவ்வட்டாரத்தில் ஒருங்கே அமைந்துள்ளன.

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தொட்டதும் அங்கே சாரல் தொடங்கும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய அருவியிலும் நீர் பெருகும். செப்டம்பர் வரை நீளும் அப்பருவத்தில் குற்றாலத்தை நாடிச் செல்லும் மக்கள் கூட்டம் கொஞ்சமன்று. தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியின்கீழ் நிற்பதே முறையான குற்றாலக் குளியல் என்று அவர்களுட் பலர் நெடுங்காலம் கருதிவந்தனர். எண்ணெய் தேய்த்துவிடுவதையே அங்குப் பிழைப்பாகக் கொண்டவரும் உண்டு. மூலிகை மணக்கும் மலையிலிருந்து இறங்கும் நீர் உச்சியில் விழுந்தால் உதிர்ந்த முடி முளைக்கும், நரைத்த முடி கறுக்கும் என்று சொல்வோர் இன்றும் உளர். இக்கூற்றுகளை ஆராயாமல் ஏற்பதும் தகாது. ஆராயாமல் தள்ளுவதும் தகாது. மெய் எது, பொய் எது என்று தெளிவதற்கு முடியின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும்.

தலையின் புறத்தே தெரியும் முடிக்கு உயிர் இல்லை. அதனை வெட்டும்போது வலி தோன்றாமையே அதற்குச் சான்று. தோலின் அடியில், மயிர்க்கால் என்னும் சிறு குழியில் மட்டுமே அது உயிரோடு இருக்கின்றது. குருதி கொண்டுவரும் உணவைப் பெற்று, அங்குள்ள உயிரணுக்கள் இடைவிடாது பெருகுகின்றன. அவை மேல்நோக்கித் தள்ளப்படும்போது கெராட்டின் என்னும் புரதத்தால் நிறைந்து, இறுகி, உயிர் நீங்கி, இழையாக வெளிவருகின்றன. மயிர்க்காலை அடுத்துள்ள சுரப்பி ஒன்று இயற்கையாகவே எண்ணெய்ப் பசையைச் சுரந்து, தோலையும் இழையின் அடிப்பகுதியையும் மெழுகுகின்றது.

இழையின் மேற்புறத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், கூரையில் ஓடு வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்கள் தெரியும். அவற்றின் விளிம்பு நுனியை நோக்கி இருக்கும். ஒரு முடியை இரு விரல்களுக்கிடையே பிடித்து அடியிலிருந்து நுனிக்கு நீவினால் வழுக்கிச் செல்வதும், நுனியிலிருந்து அடிக்கு நீவினால் தடைப்படுவதும் இதனாலேயே. இச்செதில்கள் படிந்திருக்கும் வரை முடி பளபளக்கும். பெயர்ந்துவிட்டால் மங்கிச் சிக்கலுற்று நுனி பிளக்கும். பிளந்த நுனியை மீண்டும் ஒன்றாக்கவல்ல மருந்து எதுவும் இல்லை, கத்தரித்துவிடுவதே வழி.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செண்டிமீட்டர் வளர்கின்றது. அவ்வாறாயின், 60 செண்டிமீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனிக்கு வயது 5 ஆண்டு. பத்தாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தியின் கூந்தல் நுனி, அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது முளைத்ததாகும். ஐந்தாண்டு வெயிலையும் சீப்பையும் சோப்பையும் அது தாங்கி வந்திருக்கின்றது. உயிருள்ள தோலில் கீறல் பட்டால் அது தானே ஆறிவிடும். முடியிழைக்கு அவ்வாற்றல் இல்லை. ஆகவே, முடி பேணுதல் என்பது இருவேறு செயல்களாகும். உயிருள்ள வேரையும் தோலையும் நலமாக வைத்தல் ஒன்று. உயிரற்ற இழையைத் தேயாமல் காத்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் மயக்கங்கள் பல.

தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டு வரை வளர்ந்து, பின் 3 மாத அளவு ஓய்ந்திருந்து, உதிர்கின்றது. அதே மயிர்க்காலில் புதுமுடி கிளம்புகின்றது. நாள்தோறும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பே. கடுங்காய்ச்சல் வந்து நீங்கினாலோ, பல முடிகள் ஒருசேர ஓய்வுநிலைக்குச் சென்று, இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் கொத்துக்கொத்தாக உதிரும். அதற்குள் காய்ச்சல் மறந்துபோயிருக்கும். பழி சோப்பின்மீதோ, புதிய ஊரின் கிணற்றுநீர் மீதோ, விடுதியின் தொட்டிநீர் மீதோ விழும். இவ்வாறு உதிர்ந்த முடி சில மாதங்களில் பெரும்பாலும் தானே முளைத்துவிடும். இடைக்காலத்தில் பெரும்பொருள் கொடுத்து எண்ணெய் வாங்கியவர், முளைத்த முடியைக் கண்டு அவ்வெண்ணெயைப் புகழ்ந்து திரிவதும் உண்டு. உணவில் இரும்புச்சத்தும் புரதமும் குறைந்தாலும் முடி உதிரும். வளரும் பருவத்துப் பெண்மக்களிடம் இக்குறை மிகுதி. அவர்கட்கு வேண்டுவது கீரையும் பயறும் முட்டையும், தேவையாயின் மருத்துவர் தரும் மாத்திரையுமே அன்றித் தலையில் தேய்க்கும் தைலம் அன்று.

தலையை மழித்தால் முடி அடர்ந்து வளரும் என்பதும் இவ்வகை மயக்கமே. 1928-ஆம் ஆண்டில் அமெரிக்க உடற்கூற்று அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அம்மையார், மழித்த முகமயிரை அளந்து பார்த்து, மழித்தலால் அதன் தடிப்போ நிறமோ வளரும் விரைவோ மாறுவதில்லை என்று காட்டினார். மழித்தபின் வரும் முடியின் முனை கூராக இராமல் வெட்டுப்பட்டு இருப்பதால், கைக்கு அது தடித்ததாகத் தோன்றுகின்றது. கோயிலில் முடி காணிக்கை செலுத்துவோர் பக்தியால் செலுத்துகின்றனர். அதனால் அடர்த்தி கூடும் என்பது பிற்சேர்க்கை.

இனி எண்ணெயைக் காண்போர், அதன் ஆற்றல் இழையின் மீதே செல்லும் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். நீரில் நனையும்போது இழை உப்புகின்றது, உலரும்போது சுருங்குகின்றது. உப்பிச் சுருங்கும்தோறும் செதில்கள் தளர்கின்றன. குளிப்பதற்குமுன் தேய்க்கும் எண்ணெய், இழை குடிக்கும் நீரைக் குறைக்கின்றது. 2003-ஆம் ஆண்டில் மும்பை ஆய்வாளர் இருவர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், தேங்காயெண்ணெய் ஒன்றே முடி இழக்கும் புரதத்தை நன்கு குறைத்தது என்று கண்டனர். அவ்வாய்வாளர் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சார்ந்தவர் என்பதையும் உடன் அறிதல் நன்று. எனினும், அவர்கள் கூறும் காரணம் ஏற்கத்தக்கதே. தேங்காயெண்ணெயில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதும் நேரானதும் ஆதலின், அது இழைக்குள்ளே புகவல்லது. ஆக, இலஞ்சிப் பாட்டிமார் குளிக்குமுன் எண்ணெய் தேய்த்த வழக்கம் வீண் வழக்கம் அன்று. ஆயினும் எண்ணெய் வேரை வளர்க்கும் என்பதற்கும் நரையைக் கறுப்பாக்கும் என்பதற்கும் தக்க சான்று இல்லை.

பொடுகு உள்ளவர்க்கோ எண்ணெய் சில வேளை பகையாகும். எல்லார் தலையிலும் மலசீசியா என்னும் நுண்ணிய காளான் வாழ்கின்றது. 1874-ஆம் ஆண்டில் இதனை விளக்கிய மலசே என்னும் பிரெஞ்சு அறிஞரின் பெயரே இதற்கு இடப்பட்டது. தோலின் எண்ணெய்ப் பசையே இதன் உணவு. இது பெருகி, தோல் உறுத்தப்பட்டுச் செதிலாக உதிர்வதே பொடுகு. இதனை வறட்சி என்று பிழைபட உணர்ந்து, இரவெல்லாம் எண்ணெய் பூசி வைத்திருத்தல் அக்காளானுக்கு விருந்து வைப்பதை ஒக்கும். அடிக்கடி தலையை அலசுதலும், நீங்காவிடில் மருத்துவர் கூறும் மருந்துச் சாம்பைப் பயன்படுத்துதலுமே தக்கன.

அலசுதற்கு முன்னோர் கொண்டது சீயக்காய். அதிலுள்ள சப்போனின் என்னும் பொருள் நுரைத்து அழுக்கை நீக்கும். பொடியை நன்கு சலித்தல் வேண்டும். இன்றேல் துகள் தலையில் தங்கி உறுத்தும். உடம்புக்குத் தேய்க்கும் சோப்பு காரத்தன்மை உடையது. ஆதலின், அது முடியின் செதில்களைக் கிளப்பிவிடும். உப்புநீரில் அது நுரையாமல் பிசுக்காக ஒட்டிக்கொள்வதும் உண்டு. சாம்பு என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. பிடித்துவிடுதல், அழுத்தித் தேய்த்தல் என்னும் பொருளுள்ள இந்திச் சொல்லிலிருந்து அது பிறந்தது. பாட்னாவில் 1759-ஆம் ஆண்டில் பிறந்த சேக் தீன் முகம்மது என்பவர், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து நாட்டுப் பிரைட்டன் நகரில் குளியலகம் ஒன்று அமைத்து, அம்முறையை அந்நாட்டாருக்கு அறிமுகம் செய்தார். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவோர் செய்யும் தொழிலுக்கே அன்று அப்பெயர் வழங்கிற்று. தலை கழுவும் பொருளுக்கு அது பின்னரே ஆகிவந்தது. சாம்பு இட்டால் முடி கொட்டும் என்று அஞ்சுவோர் உளர். கழுவும்போது கையோடு வருவன பெரும்பாலும் முன்னரே வேரினின்று கழன்று தங்கியிருந்த முடிகளே. வெயிலில் வியர்க்க உழைப்பவர் அடிக்கடி தலையை அலசலாம். பிறர்க்கு வாரம் இருமுறை போதும்.

அருவிக் குளியலில் அஞ்சத்தக்கது நீர் அன்று; குளித்தபின் செய்யும் செயலே. உயரத்திலிருந்து விழும் நீர் உடலுக்குக் கிளர்ச்சி தருவது மெய். ஆனால் சில நிமிடம் தோலைத் தொட்டுச் செல்லும் நீர் மயிர்க்காலின் வளர்ச்சியை மாற்றிவிடாது. நனைந்த முடியோ வலுக் குறைந்தது. அதன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அது நீளும். அதற்குமேல் இழுத்தால் மீளாது, அறுந்துவிடும். இதனை அறியாதார், அருவியினின்று வெளிவந்ததும் துண்டால் தலையைக் கசக்கித் துவட்டி, நெருங்கிய பல்லுடைய சீப்பால் உச்சியிலிருந்து இழுத்து வாருவர். துண்டை ஒற்றி ஈரத்தை எடுத்து, விரலால் சிக்கலைப் பிரித்து, சற்று உலர்ந்தபின் அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிறிது சிறிதாக வாருதல் வேண்டும்.

பள்ளிக்குச் செல்லும் பெண்மக்கள் காலையில் குளித்து, ஈரத் தலையோடு இரட்டைச் சடை பின்னி, ரிப்பனால் மடித்துக் கட்டுகின்றனர். மாலை வரை அவிழாதிருக்க வேண்டும் என்று தாய்மார் அதனை இறுக்கிப் பின்னுவர். நெற்றியோரத்திலும் காதின் மேலும் உள்ள முடிகள் நாள்தோறும் இழுபட்டு, அங்கே முடி மெலியத் தொடங்கும். தொடக்கத்தில் சடையைத் தளர்த்தினால் மீண்டும் முளைக்கும், பல ஆண்டு இழுபட்டால் மயிர்க்கால் வடுவாகிவிடும், பின்னர் முளையாது. பின்னி முடித்ததும் நெற்றித் தோல் இழுபட்டு வலித்தால் அந்தப் பின்னல் இறுக்கமானது என்று அறியலாம். தலை கழுவுவதை முதல்நாள் மாலைக்கு மாற்றிக்கொண்டால், காலையில் உலர்ந்த முடியைத் தளரப் பின்னலாம்.

பேன் தொல்லைக்கு அழுக்கே காரணம் என்று ஒரு பிள்ளையை ஒதுக்குதல் அறியாமை. பேன் தாவாது, பறவாது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து செல்லும். நாள்தோறும் கழுவிய தலையிலும் அது வாழும். ஈர் பொரிப்பதற்கு ஏழு முதல் ஒன்பது நாள் ஆகும். ஆதலின், ஒருநாள் வாரிவிட்டு விடுதல் பயனற்றது. பேன் சீப்பால் சில நாளைக்கு ஒருமுறையாக இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து வாருதல் வேண்டும்; வீட்டிலுள்ளார் அனைவர் தலையையும் உடன் பார்த்தல் வேண்டும்.

2014-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, சீயக்காய், சாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது. குளியலின் சுவை போயிற்று என்று வருந்தியவர் பலர். முடியின் நலத்துக்கோ இத்தடையால் இழப்பு எதுவும் இல்லை. எண்ணெய் மட்டும் பூசி அருவியில் நின்றவர் தலையில், வெறும் நீரால் போகாத பிசுக்கு எஞ்சியே நின்றது. வீட்டில் எண்ணெய் தேய்த்து, அரைமணி ஊறி, சீயக்காயிட்டு அலசிய பின் அருவிக்குச் செல்பவர்க்கு எண்ணெயின் பயனும் குறைவதில்லை, அருவியின் இன்பமும் குறைவதில்லை. வழுவழுத்த பாறையில் கால் இடறி விழுவாரும் குறைவர். சிற்றாறு குற்றாலத்தோடு நின்றுவிடுவதன்று. இலஞ்சியையும் தென்காசியையும் கடந்து, வழியெல்லாம் வயல்களுக்கு நீர் தந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு அது கலக்கின்றது. மேலே அருவியில் கழுவிவிடும் எண்ணெயும் நுரையும் முதலில் வந்து சேரும் இடங்களுள் ஒன்று இலஞ்சியின் நெல்வயல்.