பத்து வருஷத்துக்கு முன்னே தெரியுமா?

மாரடைப்பு யாருக்கு வரும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லுமாமே என்று சிலர் கேட்டார்கள். நாமும் தேடிப் பார்த்தோம். ஓரளவு சொல்லும். பல வருஷம் மலை பார்த்த கங்காணி கொழுந்தைக் கணிப்பதுபோல, அது பழைய நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்துப் பழகுகிறது. பிரிட்டனில் 378,256 பேரின் பதிவுகளை வைத்துச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். பத்து வருஷத்துக்குள் மாரடைப்பு, பாரிசவாதம் வந்தவர்களில், டாக்டர்களின் வழக்கமான கணக்கைவிட 355 பேரை அது கூடுதலாகக் கண்டுபிடித்தது.

ஆனால் அது பழகியது அந்த நாட்டு ஆட்களைப் பார்த்து. நம்மவர்களுக்கு மெலிந்த உடம்பிலும் சீனி வருத்தம் வரும். எழுதிவைக்காததை எந்த மெஷினும் அறியாது. ஆகவே 35 வயது தாண்டியவர்கள் “நான் ஒல்லிதானே” என்று இருந்துவிடாமல் ஆஸ்பத்திரியில் பிரஷர், சீனி பார்த்து, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். கொப்பியைக் கூரை ஒழுகாத இடத்தில் வையுங்கள்.